வரி போனது, விலை போகவில்லை

அலெக்டினிப் போன்ற புற்றுநோய் மருந்துகள் அடங்கிய 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கான 12 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் முற்றிலும் நீக்கப்பட்டிருக்கிறது. வரவேற்கிறோம், ஆனால் போதாது.

ஒரு லட்ச ரூபாய் மருந்தில் வரியாகப் போன 12,000 ரூபாய் மிச்சம். அந்த ஒரு லட்சத்துக்கு, தாயின் மருந்துச் சீட்டோடு மகன் எங்கே போவான்? நகையை அடகு வைக்கிறான், அறக்கட்டளைகளுக்கு மனு எழுதுகிறான், மருந்து கம்பெனியின் சலுகைத் திட்டத்தில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறான். 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு தருகிறது ஆயுஷ்மான் பாரத். நல்ல திட்டம்தான். ஆனால் அதன் அடித்தளம் மருத்துவமனைப் படுக்கை; வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துக்கே அது பொறுப்பு. சிகிச்சைத் தொகுப்பில் இல்லாத புதிய மாத்திரையை மாதாமாதம் வீட்டில் விழுங்குபவருக்கு அது கைகொடுப்பதில்லை.

விலையைக் குறைக்க வழியே இல்லையா? 2012இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரையை, காப்புரிமை வைத்திருந்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலேயே உள்நாட்டில் தயாரிக்க நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. அதன்பின் எந்த மருந்துக்கும் அந்த உரிமம் தரப்படவில்லை. சட்டம் இருக்கிறது, துணிச்சல்தான் இல்லை!

காப்புரிமையில் இருக்கும் விலையுயர்ந்த புற்றுநோய் மாத்திரைகளுக்கு மத்திய அரசு இந்தக் கட்டாய உரிம அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். வீட்டில் உட்கொள்ளும் மாத்திரைகளையும் காப்பீட்டுத் தொகுப்பில் உடனடியாகச் சேர்க்க வேண்டும்.