பலகையில் வரையும் கை யாருடையது?

நமது பள்ளிக்கூடங்களில் மின்பலகை வைப்பதென்பது இப்போது ஒரு பெரிய கௌரவமாகக் கருதப்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டுச் சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் திறன்மிகு வகுப்பறை என்ற பெயரால் இப்பலகைகள் வந்திருக்கின்றன. வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே அல்லாமல் வருத்தம் சிறிதும் கிடையாது. பணக்காரன் பிள்ளைக்குக் கிடைக்கும் கருவி கூலிக்காரன் பிள்ளைக்கும் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் கேட்பதெல்லாம், அந்தப் பலகையில் வரையும் கை யாருடையது என்பதுதான். உபாத்தியாயர் படங்காட்டுவதும், பிள்ளைகள் கைகட்டி வாய்பொத்திப் பார்த்திருப்பதுமானால், பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திற்கும் இதற்கும் மின்சாரச் செலவைத் தவிர வேறு என்ன வித்தியாசம்? (ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பதற்கு மட்டும் உறை நீக்கப்படும் பலகையைப்பற்றி இங்கு பேச்சே இல்லை.)

இணையவழி வரைபலகை என்பது ஒன்றும் மாயமல்ல. உபாத்தியாயர் ஒரு வெற்றுப் பலகையைத் திறந்து அதன் இணைப்பைக் கொடுத்தால், பிள்ளைகள் தங்கள் தங்கள் கருவியிலிருந்தே அதே பலகையில் அதே சமயத்தில் வரையலாம். 2020இல் வெளிவந்த எக்ஸ்காலிட்ரா என்பதில் கணக்குத் தொடங்காமலே, பெயர் கொடுக்காமலே, காசில்லாமலே இதைச் செய்ய முடியும்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். சந்திரன் வளர்வதும் தேய்வதும் ஏன் என்று வகுப்பிலே கேட்டால், பிள்ளைகள் புத்தகத்திலுள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிடுவார்கள். முழு மார்க்கும் கிடைத்துவிடும். அதே பிள்ளைகளைப் பார்த்து, சூரியனையும் பூமியையும் சந்திரனையும் வரைந்து காட்டுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களில் பலர் பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதாக வரைந்து வைப்பார்கள். இது நமது பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய பிழையல்ல. பல தேசத்து உபாத்தியாயர்களும் கண்ட பிழையே. பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவது கிரகணத்தன்று மாத்திரந்தான். வளர்பிறையில் அரைச்சந்திரன் தெரியும் நாளில், மாலையில் சூரியன் மேற்கே இறங்கும்போது சந்திரன் ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது. பூமியின் நிழலோ சூரியனுக்கு எதிர்த்திசையில், அதாவது கிழக்கே அல்லவா விழும்? கிழக்கே விழும் நிழல் உச்சியிலுள்ள சந்திரனை எப்படி மறைக்கும்? இந்தக் கேள்வி ஒன்றை எழுப்பிவிட்டால், பிள்ளைகள் தாங்களே தங்கள் படத்தை அழித்துத் திருத்துவார்கள். ஒப்பித்தலில் ஒளிந்துகொண்டிருந்த அறியாமை படத்தில் வெளிவந்துவிடுகின்றது.

அன்றியும், கரும்பலகைக்குக் கூப்பிடப்படுகிறவன் எப்பொழுதும் முதல் பெஞ்சுக்காரனே. கடைசிப் பெஞ்சிலிருப்பவனும், வாய் திறந்தால் சிரிப்பார்களே என்று அஞ்சும் பெண் பிள்ளையும் வருஷம் முழுவதும் ஒரு கோடுகூட இழுப்பதில்லை. பெயரில்லாத பலகையில் எல்லாருடைய படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். யாருடையது என்று சொல்லாமலே, இரண்டு படங்களை எடுத்து எது சரி, ஏன் சரி என்று விவகாரம் நடத்தலாம். நம்மைப் பொறுத்தவரை இந்த ஒரு சௌகரியத்திற்காகவே இக்கருவியை வரவேற்கலாம் என்பது அபிப்பிராயம்.

நிற்க, கணிதத்திற்கு ஜியோஜீப்ரா என்பது இருக்கிறது. ஆஸ்திரியா தேசத்து சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் தொடங்கியது. முக்கோணத்தின் முனையை இழுத்து எப்படி மாற்றினாலும் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகையாகவே நிற்பதைக் கண்ணால் காணலாம். ஆனால் நூறு தடவை கண்டதும் நிரூபணமாகிவிடாது. உச்சி வழியாக அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு இழுத்து, ஏன் அப்படி ஆகவேண்டும் என்று பிள்ளை சொல்லியாக வேண்டும். யந்திரம் காட்டிற்று, ஆகவே சரி என்பதும், முன்னோர் சொன்னார்கள், ஆகவே சரி என்பதும் ஒரே ரகத்து நம்பிக்கைதான்.

இதே காரணத்தால், 2017இல் கூகுள் கம்பெனி வெளியிட்ட ஆட்டோடிரா போன்றவை வகுப்புக்கு உதவா என்போம். பிள்ளை கிறுக்கியதைப் பார்த்து இன்னதாயிருக்கலாம் என்று ஊகித்து, அழகான படத்தை அது கொடுத்துவிடும். விளம்பரம் எழுதுகிறவனுக்கு அது லாபம். உபாத்தியாயருக்கோ பிள்ளையின் பிழையே அல்லவா வேண்டும்!

செலவு, கூச்சல் என்று சொல்லுவோருக்கும் பதில் உண்டு. நாற்பது பேரை ஒரே பலகையில் விட்டால் கிறுக்கல்தான் மிஞ்சும். நாலு பேருக்கு ஒரு கருவி, குழுவுக்கு ஒரு கட்டம் என்று முன்னதாகப் பிரித்து, பின்னணிப் படத்தை அசையாதபடி பூட்டிவிட வேண்டும். கருவியே இல்லாத ஊரில் சிலேட்டும் பலப்பமும் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். எல்லாரும் வரைந்து ஒரே சமயத்தில் தூக்கிக் காட்டினால் போதும். சிலேட்டில் செய்ய முடியாதது, நேற்றுப் போட்ட படத்தை இன்று எடுத்து வைத்து ஒப்பிடுவதும், போட்ட உருவத்தை நகர்த்திப் பார்ப்பதுமே. ஒன்று மாத்திரம் கண்டிப்பாய்க் கூடாது. இதை வீட்டுப் பாடமாகக் கொடுக்கக்கூடாது. அநேக வீடுகளில் உள்ள ஒரே கைபேசி தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடுகிறது.

கடைசியாக, கம்பெனிகளை நம்பும் விஷயம். கூகுள் 2016இல் ஜாம்போர்டு என்ற பலகையைப் பிரமாதமாக அறிவித்தது. பல தேசத்துப் பள்ளிக்கூடங்களும் அதில் பாடங்களைச் சேர்த்து வைத்தன. 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். எக்ஸ்காலிட்ராவின் நிரலோ எவரும் எடுத்துத் தமது கணினியில் நிறுவிக்கொள்ளும்படி திறந்திருக்கிறது. பலகை வாங்கப் பணம் ஒதுக்கும் சர்க்கார், இப்படிப்பட்ட ஒன்றைத் தமது சொந்தக் கணினியில் நிறுவி, பொத்தான்களையெல்லாம் தமிழிலாக்கி, எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுப்பதில் என்ன தடை இருக்கிறது? அதுவரையில் உபாத்தியாயர்கள் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் படங்களைக் கோப்பாக இறக்கித் தம்மிடமே வைத்துக்கொள்வார்களாக.