காக்கா ஏன் யார்கிட்டயும் சொல்லல?



திங்கட்கிழமை காலை ஓபியில் வயித்து வலின்னு வரும் குழந்தைகளில் சிலரைப் பரிசோதித்தால் எதுவும் பிடிபடாது. காய்ச்சல் இல்லை. ஸ்கேன் நார்மல். லீவு நாளில் வலி இல்லை, ஞாயிறு சாயங்காலம் ஆரம்பிக்கும்.

நடிப்பு இல்லைங்க. பயமும் பதற்றமும் வயிற்றை நிஜமாகவே வலிக்க வைக்கும். (தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், எடை குறைதல், தொடர் வாந்தி இருந்தால் அது வேற விஷயம். உடனே மருத்துவரைப் பாருங்க.)

இவங்ககிட்ட "ஸ்கூல்ல யாராச்சும் அடிக்கிறாங்களா?"ன்னு நேரடியா கேட்டா பெரும்பாலும் இல்லைன்னுதான் தலையாட்டுவாங்க. சொன்னா அம்மா ஸ்கூலுக்கு வந்து சண்டை போடும், அப்புறம் அவன் இன்னும் அடிப்பான். குழந்தைக்கும் ஒரு கணக்கு இருக்கு.

தன்னைப் பற்றி வாய் திறக்காத பிள்ளை முயலைப் பற்றி, காக்காவைப் பற்றிப் பேசும். அதனாலதான் மிருகக் கதை சொல்லுங்கன்னு சொல்றேன். ஆனா எந்தக் கதை என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

சிங்கத்தைக் கிணத்துல குதிக்க வெச்ச முயல் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா அது சொல்றது என்ன? "தனியா, உன் புத்தியால சமாளி." ஏழு வயசுக்கு அது பெரிய சுமை. சமாளிக்க முடியாத பிள்ளை, தான்தான் மக்குன்னு முடிவு பண்ணிடும்.

ஆண்டர்சன் 1843இல் எழுதிய அசிங்க வாத்துக்குஞ்சு கதையிலும் எனக்கு ஒரு சங்கடம். எல்லாரும் கேலி செய்த குஞ்சு கடைசியில் அன்னமாகிவிடுகிறது. ஆகாமலே இருந்திருந்தா கேலி நியாயமாயிடுமா? கறுப்பு, குண்டு, திக்குவாய்னு கிண்டல் வாங்குற பிள்ளைக்கு "ஒருநாள் நீயும் அழகாயிடுவே" என்பது ஆறுதலே இல்லை. (அந்தக் "குண்டு" முதலில் நம்ம வீட்டு விசேஷங்களில்தான் ஆரம்பிக்குது.)

பஞ்சதந்திரத்துல காக்கா, பாம்பு கதையை எடுங்க. பாம்பு பலசாலி, திரும்பத் திரும்ப வந்து குஞ்சுகளைத் தின்னுது. புல்லியிங் என்பதற்கு உளவியல் சொல்லும் அடையாளங்களும் இவைதான்: பலம் சமமில்லை, ஒரு தடவையோடு நிற்பதும் இல்லை. காக்கா நேரா மோதவே இல்லை. நரிகிட்ட யோசனை கேட்டது. அரண்மனை நகையைத் தூக்கிவந்து பொந்தில் போட்டு, தடியோட ஆட்களை வர வெச்சது. பலம் உள்ளவங்களைக் கூட்டிட்டு வர்றது கோள் மூட்டுறது ஆகாது. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு நாம இதைத்தான் தலைகீழா சொல்லித் தர்றோம்.

சொல்லும்போது பாதியில் நிறுத்துங்க. "இத்தனை நாள் காக்கா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"ன்னு கேளுங்க. "நரி திட்டும்"னு பதில் வந்தா, அந்த நரி நீங்கதான்.

உடனே "உன்னை யாருடா அடிச்சா?"ன்னு பாயாதீங்க. "நரி எப்படி இருந்தா காக்கா சொல்லியிருக்கும்?"னு மட்டும் கேட்டுட்டுக் காத்திருங்க. அன்னிக்கே வராது. நாலாவது நாள், அஞ்சாவது நாள், சோறு ஊட்டும்போது வரும்.

வந்துட்டா, குறுக்கே பேசாம முழுசா கேளுங்க. நடந்ததைத் தேதியோட எழுதி வெச்சுக்கிட்டு வகுப்பு ஆசிரியரைப் பாருங்க. அங்கே நடவடிக்கை இல்லைன்னா தலைமை ஆசிரியர். தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைக்கும் 1098ஐ மனப்பாடம் பண்ண வையுங்க.