தண்ணியில்லாக் காடு

ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றதும் ஆபீஸே துக்கம் விசாரித்தது. 'தண்ணியில்லாக் காடாச்சே ஸார்!'

வந்து பார்த்தால் குழாயில் காவிரித் தண்ணீர்! தண்ணியில்லாக் காடு நான்தான். காலையில் காபி, மதியம் மெஸ்ஸில் ஒரு டம்ளர் தண்ணீர், ராத்திரி பரோட்டா, முண்டு மிளகாய் போட்ட மீன் குழம்பு... அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, கண்ணாடிச் சில்லு கிழித்த மாதிரி வலி. சொட்டு ரத்தம். 'மூலம்' என்று நானே தீர்ப்பெழுதி, சுவர் நோட்டீஸில் பார்த்த லேகியத்தைத் தின்றேன். ஆறு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பல்வலி என்றால் லீவ் லெட்டரில் எழுதலாம். இதை எப்படி எழுதுவது? நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தே ஃபைல் பார்த்தேன். ராத்திரியானால் கான்சரோ என்று பயம் வேறு.

கடைசியில் டாக்டரிடம் போனேன்.

'மூலம் இல்லை தம்பி, ஃபிஷர். ஆசனவாயில வெடிப்பு. புதுப் பாம்பன் பாலம் பார்த்திருக்கீங்களா?'

'2025-ல திறந்ததுதானே? பார்த்திருக்கேன் ஸார்.'

'கப்பல் வந்தா நடுப்பாகம் மேலே போகணும். ஆபரேட்டர் பயந்துபோய்த் திறக்கலைன்னா? நீங்க பண்றது அதான். வலிக்குப் பயந்து அடக்கறீங்க. மலம் இன்னும் கெட்டியாகி, போகும்போது மறுபடி கிழிக்குது. தசை இறுகினா ரத்த ஓட்டம் குறையும். புண் எப்படி ஆறும்?'

தசையைத் தளர்த்தும் களிம்பு ஆறிலிருந்து எட்டு வாரம். வெதுவெதுப்பான தண்ணீர் டப்பில் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருவது. ராத்திரி இசப்கோல், நிறையத் தண்ணீரோடு.

பத்தே நாளில் வலி போச்சு. கூடவே களிம்பும் கீரையும் தண்ணீரும் போச்சு. மூன்றாம் மாதம் மறுபடி கண்ணாடிச் சில்லு!

'வலி போறது வேற, புண் ஆறுறது வேற தம்பி. மருந்துக்கு ஆறலைன்னா சின்ன ஆபரேஷன் இருக்கு. ரத்தம் நிக்கலைன்னாலோ, எடை குறைஞ்சாலோ கண்டிப்பா வந்து காட்டணும். பழக்கத்தை மட்டும் விடாதீங்க.'

விடவில்லை. மேஜையில் தண்ணீர் பாட்டில். கொய்யா, கீரை, சீசனில் பனங்கிழங்கு. வந்தால் அடக்குவதில்லை, பாத்ரூமில் செல்போனோடு குடித்தனம் நடத்துவதுமில்லை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம். எனக்கு 23-வது, பிளாஸ்டிக் டப்.

போன வாரம் பக்கத்து ஸீட் தம்பி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி, டாக்டர் விலாசத்தைச் சொன்னேன்.

'எப்படி ஸார் கண்டுபிடிச்சீங்க?'

'அந்த நாற்காலியில நானும் ஆறு மாசம் அப்படித்தாம்ப்பா உட்கார்ந்திருந்தேன்!'