சென்டர் உட்காரும் அந்த மூன்று நிமிடம்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து பற்றி நான் போட்ட முந்தைய பதிவின் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சார், ஜெயிச்சுக் கொடுக்கிற சென்டரை எதுக்கு பெஞ்சுல உட்கார வைக்கணும்? 48 நிமிஷமும் ஆட விட்டா என்ன?" பதில் நீளம். காபியோடு உட்காருங்கள்.

விளையாட்டுப் பக்கமே போகாத அத்தை, சித்திமார்களுக்காக ஒரு வரி: சென்டர் என்பவர் பெரும்பாலும் அணியிலேயே உயரமானவர். கூடைக்குக் கீழே எதிரியைத் தடுப்பது, தவறிய பந்தைப் பிடிப்பது, இடித்துத் தள்ளி இடம் பிடிப்பது எல்லாம் அவர் வேலை.

48 நிமிடமும் ஆடிய மனிதர் ஒருவர் இருந்தார். வில்ட் சேம்பர்லின். 1961-62 சீசனில், ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணியில், ஆட்டத்துக்குச் சராசரி 48.5 நிமிடம். (48 நிமிட ஆட்டத்தில் 48.5 எப்படி என்று என் கணக்கு வகுப்புப் பிள்ளைகள் கை தூக்குவது தெரிகிறது. ஓவர்டைமும் சேர்ந்த கணக்கு.) வழக்கமான சீசன் முழுக்க அவர் ஆடாதது 8 நிமிடம்தான், அதுவும் நடுவர் வெளியே அனுப்பியதால். சராசரி 50.4 புள்ளி. ஆனாலும் பிளேஆஃபில் பாஸ்டன் செல்டிக்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் 109-107 என்று தோற்றார்கள். 1966-67-இல் அவர் அதே ஊரின் 76ர்ஸ் அணியில். சராசரி 24.1 புள்ளிதான், பந்தை மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார். 68 வெற்றி, 13 தோல்வி, கோப்பை. நிமிடம் அப்போதும் 45-க்கு மேல்தான். மாறியது ஆட்டம்.

இப்போது அதே 76ர்ஸ், 2019 மே 12, டொராண்டோவில் ஏழாவது ஆட்டம். சென்டர் ஜோயல் எம்பீட். தொடரின் நடுவே உடம்பு சரியில்லாமல் போனவர், அன்று 45 நிமிடம் ஆடினார். அவர் களத்தில் இருந்தபோது அணி 10 புள்ளி முன்னிலை எடுத்தது. ஆட்டம் முடிந்தபோது 92-90, தோல்வி. கழித்துப் பாருங்கள்: அவர் உட்கார்ந்திருந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 12 புள்ளி பறிபோயிருக்கிறது! கவாய் லெனர்ட் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த மூன்று நிமிடம்தான் கண்ணில் நிற்கிறது.

அதற்காக மாற்று ஆளைத் திட்டுவது நியாயமில்லை. இந்த பிளஸ்-மைனஸ் கணக்கு ஒரே ஆட்டத்தில் ஆளை ஏமாற்றும். எதிரணியின் எந்த ஐந்து பேர் அப்போது நின்றார்கள் என்பதை அது சொல்லாது. என் குறை பயிற்சியாளர்கள் மேல். எல்லாத் திட்டத்தையும் ஒரே சென்டரைச் சுற்றிப் பின்னிவிட்டு, அவர் உட்கார்ந்ததும் அதே திட்டத்தை இன்னொருவர் தலையில் கட்டினால் அவர் என்ன செய்வார், பாவம்! அவருக்கென்று வேறு ஆட்டம் வேண்டும். உயரம் குறைந்தாலும் வேகமாக ஓடும் ஐந்து பேரை இறக்கலாம். வழக்கமான சீசனில் 82 ஆட்டம் இருக்கிறது, பழக்கிப் பார்க்க அது போதாதா?

"அப்போ இன்னும் மூணு நிமிஷம் ஆடட்டுமே" என்று விடமாட்டீர்கள். களைத்த சென்டர் முதலில் கோட்டை விடுவது புள்ளியை அல்ல, திரும்பி ஓடுவதை. எதிரணி பந்தோடு பறக்கும்போது இவர் பாதிக் களத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். தாமதமாகப் போய்க் கையை நீட்டினால் ஃபவுல். ஆறு ஃபவுலானால் வெளியேதான்.

உடம்பும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏழரை அடி உயர யாவோ மிங்கின் கால் எலும்பு விரிசல்களுக்குப் பிறகு, 2010-இல் ஹூஸ்டன் அணி அவருக்கு ஆட்டத்துக்கு 24 நிமிடம் என்று வரம்பு கட்டியது. அந்த சீசனில் ஐந்தே ஆட்டம். 2011-இல் ஓய்வு, வயது 30.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, சென்டர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் எழுந்து சாப்பிடப் போய்விடாதீர்கள். அவர் திரும்பி வரும்வரை ஸ்கோரைக் குறித்து வைத்து, எனக்குக் கீழே எழுதுங்கள்.