ஒரே ஸ்பானர், இரண்டு சம்பளம்!



காலை ஷிப்ட் நேரத்தில் ஓசூர் சிப்காட் பக்கம் போய் நின்று பாருங்கள். ஒரே கேட்டில் இருவர் நுழைவார்கள். ஒருவர் கம்பெனி ஆள். மற்றவர் கான்ட்ராக்ட் ஆள். ஒரே லைன், ஒரே ஸ்பானர். சம்பளம் மட்டும் வேறு!

என் அண்ணனும் டிப்ளமோதான். ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தார். "பக்கத்துல நிக்கிறவரும் அதே போல்ட்டைத்தான்டா டைட் பண்றாரு. அவரு வாங்குறதுல பாதிகூட எனக்கு வரல" என்பார்.

ஏன் இந்த நிலை? 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. 1991இல் நாட்டின் கதவு திறந்தது. உழைப்பாளிகள் நிறைந்த நாட்டில் வெளிநாட்டு வியாபாரம் பெருகினால் சாதாரணத் தொழிலாளியின் கூலி உயரும் என்றது பொருளாதாரப் பாடம். ஆனால் ஆர்டர் மட்டுமா வந்தது? சி.என்.சி.யும் ரோபோவும் கூடவே வந்தன. புரோகிராம் போடத் தெரிந்தவருக்கு மவுசு கூடியது, மற்றவருக்கு இல்லை.

அதோடு உலகச் சந்தையின் விலைப் போட்டி வேறு. "விலையைக் குறை" என்ற சுமையைப் பெரிய கம்பெனி வெண்டார் தலையில் வைக்கிறது. வெண்டார் கான்ட்ராக்டர் தலையில். கடைசியில் தொழிலாளி தலையில்! மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, 2000ஐ ஒட்டி ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் கான்ட்ராக்ட் தொழிலாளி. 2022-23இல் நூற்றுக்கு 40 பேருக்கும் மேல்.

சட்டம் இல்லையா? ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1971இல் வந்த மத்திய விதிகளிலேயே, ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்று எழுதியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதா? கான்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

"உலகமயம் வந்ததாலதானே வேலையே கிடைக்குது?" என்பீர்கள். உண்மைதான். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், ஓசூர் அருகே செல்போன் பாகங்கள் என்று புதிய ஆலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். தொழிற்சாலை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்பதே!

நாளை நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம். பலர் கான்ட்ராக்டில் நிற்போம். வேலைக்குச் சேரும்போது, ஆர்டரில் கையெழுத்துப் போடுவது கம்பெனியா, கான்ட்ராக்டரா என்று பாருங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேளுங்கள். நிரந்தரமானால், பக்கத்தில் நிற்பவரை "கான்ட்ராக்ட்தானே" என்று ஒதுக்காதீர்கள். சங்கத்தில் அவருக்கும் இடம் கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் நம் எதிரியல்ல. குறைந்த கூலிதான் எதிரி.

சிந்திப்போம்! ஒன்றுபடுவோம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்