சின்னத் தாடை... பால் குடிக்கத் திணறும் குழந்தை!

‘மோவாய் உள்ளே போயிருக்கே... எண்ணெய் தடவி இழுத்துவிட்டா சரியாகிடும்!’ பச்சிளம் குழந்தையைப் பார்க்க வரும் பெரியவர்கள் சொல்வது வழக்கம். இழுத்துவிடுவதால் எலும்பு வளராது. அதோடு, மல்லாக்கப் படுத்ததும் மூச்சு திணறுவது, பால் குடிக்கையில் புரையேறுவது, மூக்கு வழியே பால் வருவது எல்லாம் சேர்ந்திருந்தால், உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

‘பியர் ராபின் சீக்வென்ஸ்’ என்பது இதன் பெயர். 1923-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. கருவில் கீழ்த்தாடை போதிய அளவு வளராததால், நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. பல குழந்தைகளுக்கு மேலண்ணத்தில் பிளவும் இருக்கும். கிரகணமோ, தாயின் கவனக்குறைவோ இதற்குக் காரணம் இல்லை.

மூச்சு...

முதலில் மூச்சு சீராக வேண்டும். குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்தால் நாக்கு முன்னால் வரும். ஆனால், மற்ற குழந்தைகள் மல்லாக்கத்தான் தூங்க வேண்டும் என்பதால், மருத்துவர் சொன்னால் மட்டுமே, கண்காணிப்போடு இதைச் செய்யலாம். இது போதாவிட்டால், மூக்கு வழியே தொண்டைவரை சிறு குழாய் வைப்பார்கள். தீவிரமான நிலையில், தாடை எலும்பை மெல்ல நீட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

பால்...

அண்ணப் பிளவு இருந்தால் குழந்தையால் பாலை இழுத்து உறிஞ்ச முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையிலோ இதற்கென உள்ள பாட்டிலிலோ கொடுக்கக் கற்றுத்தருவார்கள். மடியில் படுக்கவைத்து சங்கில் ஊற்றுவது ஆபத்து. தலையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அடிக்கடி ஏப்பம் விடவைக்க வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால், குழந்தை களைத்துவிடும். எடை ஏறாவிட்டால் மூக்குக் குழாய் வழியே பால் கொடுப்பார்கள். குழாயைப் பார்த்து வீட்டார் பயப்பட வேண்டாம். குழந்தை தெம்பாக வளரும்வரை அது துணை.

தாடை வளர வளர பல குழந்தைகளுக்கு மூச்சு சுலபமாகும். அண்ணப் பிளவை வழக்கமாக 9 முதல் 18 மாதங்களுக்குள் அறுவை சிகிச்சையில் சரிசெய்வார்கள். காது, கண் பரிசோதனையும் அவசியம். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்களில் பிறவிக் குறைபாடுகளுக்கு வழிகாட்டுகிறார்கள்.

உதடு நீலமானாலோ, மூச்சு விடுகையில் நெஞ்சு உள்ளே குழிந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்!