சாவி யார் மடியில்?

1972இல் வெளிவந்த ஏவி.எம்.மின் ‘காசேதான் கடவுளடா’ நினைவிருக்கிறதா? சித்ராலயா கோபு தம் மேடை நாடகத்தையே படமாக்கினார். பணத்தை இறுக்கிப் பிடிக்கும் சித்தி மனோரமா. அதைக் களவாட முத்துராமன் கூட்டம் போடும் திட்டம். சாமியார் வேடத்தில் நுழையும் தேநீர்க்கடைக்காரர் தேங்காய் சீனிவாசன்! (நாடகமொன்றில் தேங்காய் வியாபாரியாக நடித்ததில் ஒட்டிய பெயர்.) முத்துராமன் 1981இல் மறைந்தார், தேங்காய் 1987இல். 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் அறிமுகமான மனோரமா, ஆயிரம் படங்களைத் தாண்டி 2015வரை வாழ்ந்தார்.

சிறுவயதில், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்ட மண்டபத்தில் பார்த்தபோது நான் திருடர் கட்சி. இப்போது சித்தி கட்சி. சம்பள நாளில் அப்பா கள்ளுக்கடைக்கு நீட்டிய கையை அம்மா தட்டிவிட்டார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனது அந்தக் காசில்தான். உங்கள் வீட்டுச் சாவி யார் மடியில்? எழுதுங்கள்.